இடிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்

சென்னையில் கட்டடங்களை இடிக்கவும் கட்டவும் அனுமதி தருகிற அதிகாரிகளுக்கும், பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றி முடிவெடுக்கிற குழுவினருக்கும்,

எனக்கு வந்த ஒற்றை வரிப் பதில் ஒன்றைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தி.நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு இருந்தது. 1995 ஜனவரியில் அதை முதல்முறை படம் எடுத்தேன். அதற்குப் பிறகு வருடம் தவறாமல், பொங்கலுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், எதிர்ச்சாரியில் இருக்கும் அதே மின்கம்பத்தின் பக்கத்தில் நின்று எடுத்தேன். சென்ற ஆண்டு அதை இடித்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் விற்றார்கள், வாங்கியவர் அனுமதி வாங்கி இடித்தார். அதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இடிக்க அனுமதி கொடுத்த கோப்பில் அந்த வீட்டின் புகைப்படம் இருக்கிறதா, இருந்தால் நகல் கிடைக்குமா? அப்படி எந்த ஆவணமும் இந்த அலுவலகத்தில் பராமரிக்கப்படுவதில்லை என்று பதில் வந்தது.

இனி வரப்போகிற ஐந்து மாடிக்கு வரைபடம் இருக்கிறது. எத்தனை கார் நிற்கும், தண்ணீர்த் தொட்டி எங்கே வரும், மழைநீர் எங்கே இறங்கும் என்பதெல்லாம் அளவோடு இருக்கிறது. எண்பது வருஷத்துக்கும் மேலாக அங்கே நின்ற வீட்டைப் பற்றி ஒரு தாள் இல்லை.

அந்த வீடு எப்படி இருந்தது என்பதை நானே எழுதுகிறேன், இங்கேயாவது இருக்கட்டும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தி.நகரை உருவாக்கிய பின், அந்த மனைகளில் எழுந்த முதல் தலைமுறை வீடுகளில் ஒன்று அது. கைப்பிடிச் சுவரின் நடுவில் சுதையில் 1938 என்று எழுதியிருந்தது. வாசல் கேட்டில் இரும்புப் பட்டைகளை வளைத்து உதய சூரியன் செய்திருந்தார்கள். கீழே அரைவட்டம், அதிலிருந்து பதினொரு கதிர்கள். மாடி வராந்தாவின் முனை வளைந்து திரும்பும். அந்த வளைவு முழுக்கக் கப்பலின் மேல்தளத்தில் இருப்பதுபோல மூன்று வரிசை இரும்புக் குழாய். மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு வட்ட ஜன்னல். ஆர்ட் டெகோ என்கிறார்களே, அந்தப் பாணி. பாரிமுனையில் 1940இல் கட்டிய டேர் ஹவுஸ் பெரிய அளவில் காட்டுவதை, அந்தக் காலத்து வக்கீல்களும் டாக்டர்களும் தங்கள் வீட்டுக்கு ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு அளவில் செய்துகொண்டார்கள். ஆனால் உள்ளே போனால் முற்றம் இருக்கும், பூஜை அறை இருக்கும், பின்கட்டில் துளசி மாடம் இருக்கும். பம்பாயின் ஆர்ட் டெகோவில் நான் இதைப் பார்த்ததில்லை. முன்பக்கம் கப்பலும் பின்பக்கம் துளசி மாடமுமாக இருந்த அந்த வீடு நம் ஊர் ஆட்கள் யோசித்துச் செய்தது.

இடித்தபோது ஒன்பது நாளும் போய் நின்றேன். முதல் இரண்டு நாள் பழைய மரம் வாங்குகிறவர்கள் வந்து தேக்குக் கதவு, நிலை, ஜன்னல் எல்லாவற்றையும் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். கேட்டை எடைக்கு எடுத்துக்கொண்டார்கள். உதய சூரியன் எத்தனை கிலோ வந்தது என்பது எனக்குத் தெரியும், எழுத மனமில்லை. மூன்றாம் நாள் மேல்தளத்தில் கடப்பாரை இறங்கியது. மெட்ராஸ் டெரஸ் தளம் அது. தேக்கு உத்தரங்கள்மேல், அச்சுக்கல் என்று கொத்தனார்கள் சொல்லும் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். அது உடைகிறபோது சிமெண்ட் மாதிரித் தெறிக்காது. பொதபொதவென்று இறங்கும், வெள்ளைத் தூசி எழும், தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை வரும். கடப்பாரை பிடித்திருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு அச்சுக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இத வைக்கிற ஆளுங்க இப்ப இல்ல சார்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். அது என் மேஜையில் இருக்கிறது. அந்தத் தளத்தை எப்படிப் போட்டார்கள் என்பதை அடுக்கடுக்காகக் காட்டுகிற படங்கள் இன்று என்னிடம் மட்டுமே இருக்கின்றன. இது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. கல்யாணப் புகைப்படக்காரன். 1988இல் தொழிலுக்கு வந்தேன். அன்றைக்கு மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம் பக்கமெல்லாம் நிச்சயதார்த்தம், நலங்கு, சீமந்தம் என்று பாதிச் சடங்கு வீட்டிலேயே நடக்கும். பெண்ணைத் திண்ணையில் உட்கார வைத்து எடுப்போம், ரேழியில் நிற்க வைத்து எடுப்போம், முற்றத்து வெளிச்சத்தில் எடுப்போம். அப்போது என் கண் பெண்மேல்தான் இருந்தது. பின்னால் இருந்த தூணும் மாடமும் தானாகப் படத்துக்குள் வந்தன. 2009இல் ஒரு அம்மா தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்திருந்தேன். ஆல்பம் பத்திரமாக இருக்கிறதாம். கேட்டது வேறு: "உங்க நெகட்டிவ்ல எங்க வீட்டு ஊஞ்சல் தெரியற படம் இருக்குமா தம்பி? அந்தக் கூடத்துத் தரை தெரியணும்." வீடு போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. சிவப்பு ஆக்சைடு தரை, கால் பட்டுப் பட்டு வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அதில் உட்கார்ந்துதான் அவர்கள் அம்மா பூத் தொடுப்பார்களாம். தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு படத்தில், மாப்பிள்ளையின் வேட்டிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தரை தெரிந்தது. அதைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு அவர்கள் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரி கேட்டு வந்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இப்போது 140 பெயர்கள் இருக்கின்றன. இவர்கள் எல்லோரும் உங்களிடம் வந்திருக்க வேண்டியவர்கள். ஒரு நகரத்தின் வீடுகளுக்கான பதிவு ஒரு கல்யாணப் புகைப்படக்காரனின் பீரோவில் இருக்கக் கூடாது.

எங்கள் வீட்டையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நேர்மை ஆகாது. நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக 1734இல் உருவாக்கிய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். அங்கே என் தாத்தா வீடு இருந்தது. 2004இல் அப்பாவும் சித்தப்பாக்களும் சேர்ந்து பில்டரிடம் கொடுத்தார்கள். மழைக்கு ஒழுகும், பழுது பார்க்க ஆள் கிடைக்காது, நான்கு பேருக்குப் பங்கு பிரிக்க வேறு வழி இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். அதுவரை ஒன்பது வருஷமாக ஊரார் வீட்டையெல்லாம் எடுத்திருந்த நான், எங்கள் வீட்டை எடுத்தது மொத்தம் ஏழு படம். சமையற்கட்டை எடுக்கவில்லை. அங்கே ஜன்னல் மேடையில் தண்ணீர்ப் பானை வைக்க வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது, கல்லிலேயே குடைந்தது. அதன் அளவு என்ன, எவ்வளவு ஆழம், எதுவும் இப்போது சொல்ல முடியவில்லை. என் அக்கா ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன். தேதி குறித்துவிட்டார்கள், சாமான் எடுக்கிற அவசரம், படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் இதேதான் நடக்கிறது. அந்த நேரத்தில் யாராவது வந்து "ஒரு மணி நேரம் கொடுங்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறோம்" என்று சட்டமாகக் கேட்டிருந்தால் நாங்கள் மறுத்திருக்க மாட்டோம்.

பெரிய கட்டடங்களின் கதை உங்களுக்குத் தெரியும். மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் 1983இல் எரிந்தது. 1900இலிருந்து இருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது, பழைய புத்தகம் வாங்கியது அங்கேதான். சென்ட்ரல் பக்கத்தில் அதன் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். அரசினர் தோட்டத்திலிருந்த பழைய கவர்ன்மென்ட் ஹவுஸ் புதிய தலைமைச் செயலகத்துக்காகப் போனது. அந்தப் புதிய கட்டடமும் பிறகு மருத்துவமனை ஆனது. 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள், வழக்குப் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால்தான் இந்த நகரத்துக்குப் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு குழுவே வந்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் 467 இடங்கள் இருந்தன. 2012இல் சட்டமன்றம் பாரம்பரிய ஆணையத்துக்கென்று தனிச் சட்டமே நிறைவேற்றியது, அதுவும் பல வருஷம் கிடப்பில் கிடந்தது.

அந்தப் பட்டியலை நான் குறை சொல்ல வரவில்லை. செனட் ஹவுஸும் ரிப்பன் மாளிகையும் சேப்பாக்கம் அரண்மனையும் அதில் இருக்க வேண்டியவைதான். அவற்றைப் பாதுகாக்க வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஆர்வலர்கள் இருக்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. அவற்றுக்குப் பழைய படமும் வரைபடமும் உண்டு. என் கவலை பட்டியலுக்கு வெளியே நிற்கிற ஆயிரக்கணக்கான வீடுகள், கடைகள், தியேட்டர்கள். 1964இல் திறந்த சஃபையர் இப்போது இல்லை. 1961இல் திறந்த சாந்தி 2016இல் மூடப்பட்டது. அசோக் நகர் உதயம் 2024இல் மூடப்பட்டது. இந்தத் தியேட்டர்களின் முகப்பாவது வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்ட ஜனங்களால் தப்பித்தது. டிக்கெட் கவுண்டரின் கூண்டு, புரொஜெக்டர் அறைக்குப் போகிற படி, தரை டிக்கெட்டுக்குத் தனியாக இருந்த வழி, இவற்றையெல்லாம் யார் எடுத்து வைத்தார்கள்? வீடுகளுக்கு அந்த முகப்புப் படம்கூட இல்லை.

இடிக்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் எடுக்கிறவன் என்றதுமே வளர்ச்சிக்கு எதிரானவன் என்று நினைத்துவிடுகிறார்கள். குடும்பம் பெருகுகிறது, இடம் வேண்டும். 2019 கட்டட விதிகள் மனைப்பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்பதை இரண்டு மடங்காக்கின. அதற்குப் பின் பழைய தனி வீட்டைக் கட்டிக் காப்பது சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாதமும் நஷ்டம். மெட்ரோ வேண்டும். லஸ் பக்கம் தகரத் தடுப்பு வைத்திருக்கிற இத்தனை வருஷத்தில் நானும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன், வருத்தமில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் இறந்தால்கூட இறப்புச் சான்றிதழ் வாங்குகிறோம். ஒரு கட்டடம் போகிறபோது, அது இருந்தது என்பதற்கு அரசிடம் ஒரு சான்று இருக்க வேண்டாமா?

இது புதிதும் இல்லை, முடியாததும் இல்லை. 1860களில் பாரிஸில் பழைய தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போட்டபோது, இடிக்கப்போகிற தெருக்களைப் படம் எடுக்கச் சார்லஸ் மார்வில் என்ற புகைப்படக்காரரை அந்த நகர நிர்வாகமே அமர்த்தியது. நானூற்றுச் சொச்சம் படங்கள். பழைய பாரிஸ் எப்படி இருந்தது என்று இன்று தெரிந்துகொள்ள அவைதான் வழி. நியூயார்க்கில் 1939 முதல் 1941 வரை, நகரின் ஐந்து பகுதிகளிலும் இருந்த ஒவ்வொரு கட்டடத்தையும் எடுத்தார்கள். அழகுக்காக இல்லை, சொத்து வரிக்காக. பிளாக் எண்ணும் மனை எண்ணும் எழுதிய பலகையைக் கட்டடத்தின் முன் வைத்து ஒரு படம். குடிசையும் மாளிகையும் ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் ஒரு படம். 1980களில் மறுபடியும் வண்ணத்தில் எடுத்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் தன் தாத்தா இருந்த வீட்டை அதில் தேடிப் பார்க்கலாம். நம் ஊரிலும் வரி மதிப்பீட்டுக்கு ஆட்கள் வீடு வீடாக வந்து அளக்கிறார்கள். அவர்கள் எல்லோர் கையிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது.

இந்த ஊருக்குப் புகைப்படம் புதிதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெட்ராஸில் 1857வாக்கிலேயே புகைப்படச் சங்கம் இருந்தது. அதே காலத்தில் மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்பவரைப் புகைப்படக்காரராகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக இருபத்தோரு படம் எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மாட்டு வண்டியில் கண்ணாடியும் காகிதமும் ரசாயனமும் ஏற்றிக்கொண்டு போன காலம் அது. 165 வருஷத்துக்கு முன்னால் அன்னிய அரசு ஒன்று செய்ததை, எல்லா வசதியும் இருக்கிற நம் அரசு செய்ய முடியாது என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் என் பங்குக்கு முயற்சி செய்யாமலும் இல்லை. 2013இல் என்னிடம் ஏறத்தாழ 14,000 நெகட்டிவ்கள் இருந்தன. தெருப் பெயர், கதவு எண், தேதி எல்லாம் எழுதிய உறைகளில், தகரப் பெட்டிகளில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருந்தேன். இலவசமாகத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகம் அலுவலகமாகப் போனேன். ஒரு இடத்தில் "இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியவில்லை" என்றார்கள். இன்னொரு இடத்தில் கடிதம் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. சைதாப்பேட்டையில் தரைத்தளத்தில் இருக்கிறோம். மூன்றாம் நாள் திரும்பி வந்து பெட்டிகளைத் திறந்தபோது சேற்று நாற்றம். உறைகளின் மை கரைந்து எல்லாம் ஒரே நீலமாக இருந்தது. நானும் என் மனைவியும் இரண்டு மகள்களும் மொட்டை மாடியில் கொடி கட்டி, ஒவ்வொரு ஸ்ட்ரிப்பாக நல்ல தண்ணீரில் அலசி, துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பல ஸ்ட்ரிப்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தால் மேல்பூச்சு உரிந்து வந்தது. உரிந்த ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வீட்டின் பாதி இருக்கும், மீதி வெறும் கண்ணாடியாக இருக்கும். ஐந்தாயிரத்துக்கும் மேல் போனது. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் 1995 முதல் 1999 வரை எடுத்தது முழுதாகப் போனது. அந்த வீடுகளில் பெரும்பாலானவை இப்போது இல்லை. 2013இல் நீங்கள் ஒரு அலமாரி கொடுத்திருந்தால் அவை இன்று இருந்திருக்கும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

தெருவில் நின்று எடுப்பதும் வர வரக் கஷ்டமாகிவிட்டது. முன்பெல்லாம் வீட்டுக்காரர் வெளியே வந்து, என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டு, காரணம் சொன்னதும் காபி கொடுப்பார். இப்போது செக்யூரிட்டி ஓடி வருகிறார். பொதுச் சாலையில், நடைபாதையில் நிற்கிறேன் என்றாலும் கேட்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கிடங்கின் முகப்பை எடுத்தபோது, காவல் பணியில் இருந்த ஒருவர் மெமரி கார்டிலிருந்த அன்றைய படங்கள் அத்தனையையும் என் கையாலேயே அழிக்க வைத்தார். எந்தச் சட்டம் என்று கேட்டேன், பதில் இல்லை. ராணுவ இடம், தடை செய்த இடம் என்றால் புரிகிறது. இரும்புத் தூணும் மரப் பால்கனியும் உள்ள கிடங்கு அது, அடுத்த வருஷமே அதையும் இடித்தார்கள். காலேஜில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் என்னோடு வருவார்கள். இந்த மாதிரி ஒன்றிரண்டு அனுபவத்துக்குப் பிறகு வருவதில்லை. அவர்கள் பெற்றோர் விடுவதில்லை.

அப்புறம் கதவு எண். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. மூன்று மனைகளைச் சேர்த்து அப்பார்ட்மென்ட் வந்தபின் அவற்றில் இரண்டு எண்கள் காணாமலே போகின்றன. தெருவின் பெயரும் சில இடத்தில் மாறிவிட்டது. பத்து வருஷம் கழித்து வெறும் முகவரியை வைத்து ஒரு வீடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எதிரிலிருக்கும் மரத்தையும் மின்கம்பத்தையும் பிள்ளையார் கோயிலையும் சேர்த்து எடுத்திருந்தால்தான் முடியும். இதையெல்லாம் முப்பது வருஷம் தப்புச் செய்து கற்றுக்கொண்டேன். கேட்டால் உங்கள் ஊழியர்களுக்கு ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவேன், பணம் வேண்டாம்.

என் கோரிக்கைகள் இவை.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தை இடிக்க விண்ணப்பம் வந்தாலும், அதனோடு புகைப்படங்களைக் கட்டாயமாகக் கேளுங்கள். தெருவிலிருந்து முகப்பு, இரண்டு பக்க வீடுகளும் தெரிய. வாசல், படி, கூடம், முற்றம், சமையற்கட்டு, கூரையின் உட்பக்கம், தரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். இருபது படம் போதும். சின்னதாக ஒரு அளவுக்கோல் வைத்து எடுக்க வேண்டும். இடிக்கிறவருக்கு இதனால் ஒரு நாள்கூடத் தாமதம் ஆகாது. சொந்தக்காரர் உட்புறப் படங்களை வெளியிட விரும்பவில்லை என்றால் இருபது, முப்பது வருஷம் மூடி வையுங்கள், அது அவர் உரிமை. ஆனால் எடுத்து வையுங்கள்.

அவற்றை ஒரே இடத்தில், பழைய எண், புதிய எண், பழைய தெருப்பெயர் எல்லாம் சேர்த்து, பொதுமக்கள் வந்து பார்க்கும்படி வையுங்கள். வெள்ளம் வராத மாடியில், குளிர்சாதன அறையில், இரண்டு பிரதியாக.

பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு மட்டுமல்லாமல், பழைய தெருக்களுக்கு வரிசையாகத் தெருப் பதிவு எடுங்கள், பத்து வருஷத்துக்கு ஒருமுறை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதையில் உள்ள மயிலாப்பூர், தி.நகர் தெருக்களிலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் அவசரம். பிறகு சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி, சவுகார்பேட்டை, ராயபுரம். கட்டடக்கலை மாணவர்களை ஈடுபடுத்துங்கள்.

பொதுச் சாலையில் நின்று கட்டடத்தின் வெளிப்புறத்தைப் படம் எடுக்கத் தடையில்லை என்று காவல் நிலையங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் அனுப்பச் செய்யுங்கள். பதிவு எடுக்கப் போகிற மாணவர்களுக்கு ஒரு அடையாளக் கடிதம் கொடுங்கள்.

தனியாரிடம் இருக்கிற நெகட்டிவ்களையும் படங்களையும் வாங்கி வைக்க ஒரு வழி செய்யுங்கள். என்னைப்போல ஸ்டூடியோ வைத்திருந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், கடையை மூடும்போது நெகட்டிவ்களைக் குப்பையில் போடுகிறார்கள். என்னிடம் மிஞ்சியிருக்கிற எட்டாயிரத்துச் சொச்சத்தை ரசீது ஒன்று கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அறுபது வயது ஆகப்போகிறது.

கடைசியாக, இப்போதே செய்ய வேண்டிய ஒன்று. மேற்கு மாம்பலத்தில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. திண்ணையில் நான்கு மரத்தூண்கள், ரேழி, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. அடுத்த மாதம் இடிக்கப்போவதாக வாசலில் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். முகவரியோடு தனிக் கடிதம் உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வெளியிலிருந்து பல தடவை எடுத்திருக்கிறேன், உள்ளே ஒரு முறைகூடப் போனதில்லை. வாங்கியவரிடம் கேட்டேன், அதிகாரிகள் சொன்னால் விடுகிறேன் என்கிறார். ஒரு காலை நேரம் அனுமதி வாங்கித் தாருங்கள். ஒன்பது மணிக்கு முற்றத்தில் வெயில் இறங்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார்கள். எட்டரைக்கு நான் அங்கே இருப்பேன். உங்களில் ஒருவரும் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து ஒரு புகைப்படக்காரன்